ஐந்து மரக்கால் அரிசியும் தூரிகையும்

பொருளும் புகழும் வேண்டாமென்று ஒதுங்கி நிற்பவனை உலகம் இருவிதமாகப் பேசுகிறது. சிலர் அவனை ஞானி என்பர். வேறு சிலர் கையாலாகாதவன் என்பர். பேசுகிறவர் அவனுக்குக் கடன் கொடுத்தவரா, கொடுக்காதவரா என்பதைப் பொறுத்தும் இப்பட்டம் மாறுவதுண்டு. நாம் இங்கே ஆராயப் புகுந்தது காவியுடுத்துக் காட்டுக்குப் போன துறவிகளைப் பற்றியன்று. வீட்டின் ஒரு மூலையில் ஒரு தூரிகையையோ, ஏழு தந்தி கட்டிய ஒரு வாத்தியத்தையோ வைத்துக்கொண்டு, அதன் முன்னே உட்கார்ந்து தம்மைத் தாமே திருத்திக்கொள்ள முயன்ற சீன தேசத்துக் கலைஞர் சிலரைப் பற்றியே பேசப் போகிறோம். அவர்கள் வாழ்ந்தது உயர்ந்த வாழ்க்கையா, அன்றி உலகக் கடமையிலிருந்து நழுவிக்கொள்ள அவர்கள் கண்ட உபாயமா என்பதே கேள்வி.

சீனரின் தூரிகையைப் பற்றித் தமிழனுக்கு என்ன கவலை என்று நேயர் கேட்கலாம். தக்க காரணம் உண்டு. நூறாண்டுக்கு மேலாக இந்நாட்டில் நாமும் சீனரும் அடுத்தடுத்து வாழ்ந்து வருகிறோம். தோட்டத்துக்குப் பக்கத்தில் மளிகைக் கடை வைத்து நமக்குக் கடன் எழுதியவர் சீனத் தவுக்கே. நகரத்தில் நம் வீட்டுச் சுவரை ஒட்டி அடுப்பெரித்தவர் சீனர். இருந்தும், சீனரைப் பற்றி நம்மவரிடம் கேட்டால் கிடைக்கும் அபிப்பிராயம் பெரும்பாலும் ஒன்றே: காசு தேடத் தெரிந்தவர். புகழ்ச்சியாகவும் இதையே சொல்கிறோம், இகழ்ச்சியாகவும் இதையே சொல்கிறோம். கடையின் முன்பக்கத்தை மட்டும் பார்த்துத் திரும்பியவன் சொல்லும் வார்த்தை இது.

சீனப் புத்தாண்டு நெருங்கும் நாட்களில் கோலாலம்பூர், பினாங்கு, சிங்கப்பூர் கடைத்தெருக்களில் சிறிது நின்று பார்த்தால் வேறொன்று தெரியும். அஞ்சடியில் ஒரு சிறு மேசை, சிவப்புத் தாள், ஒரு கிண்ணத்தில் கருமை. முதியவர் ஒருவர் வாசற்படியின் இருபுறமும் ஒட்டுவதற்கான வாழ்த்து வரிகளைத் தூரிகையால் எழுதிக் கொடுத்துக்கொண்டிருப்பார். தூரிகை தாளைத் தொடுவதற்கு முன் அவர் கை ஒரு கணம் அந்தரத்தில் நிற்கும். அந்த ஒரு கணத்துக்குப் பின்னே ஈராயிரம் ஆண்டுப் பழக்கம் இருக்கிறது. அதைத்தான் நாம் காணத் தவறுகிறோம்.

படித்த மனிதன் பயில வேண்டியவை என்று சீனரின் முன்னோர் நான்கு கலைகளைக் கூறினர். ‘சின்’ என்னும் வாத்தியம் ஒன்று, கட்டமிட்ட பலகையில் கருப்பு வெள்ளைக் காய்களை வைத்து ஆடும் ஆட்டம் ஒன்று, எழுத்துக்கலை ஒன்று, சித்திரம் ஒன்று. ஆட்டத்தைப் பற்றி நாம் இங்கே பேசப்போவதில்லை. அதில் வெற்றி தோல்வி உண்டு. வெற்றி தோல்வி உள்ள இடத்தில் அமைதியைப் பற்றிப் பேசுவது சற்றுக் கடினம்.

சின் வாத்தியத்தை இக்காலத்தார் ‘பழைய சின்’ என்று பொருள்படக் கூ சின் என்பர். ஏறக்குறைய நான்கடி நீளமுள்ள மரப்பெட்டி அது. மேலே அரக்குப் பூச்சு, அதன்மேல் ஏழு தந்திகள். முற்காலத்தில் பட்டு நூலை முறுக்கித் தந்தியாகக் கட்டினர். நம் வீணையில் உள்ளது போல் மெட்டுகள் இல்லை; விரல் நிற்க வேண்டிய இடத்தைக் காட்டப் பதின்மூன்று புள்ளிகள் மட்டும் பதித்திருக்கும். இதன் ஓசை மிக மெல்லியது. கலியாணப் பந்தலுக்கோ திருவிழாவுக்கோ இது ஒருநாளும் உதவாது. நம் தவிலுக்குப் பக்கத்தில் வைத்தால் இது ஒலிக்கிறதா என்பதே தெரியாது. வாசிப்பவன் தனக்காக வாசிக்கிறான், மிஞ்சினால் எதிரே அமர்ந்திருக்கும் ஒரு நண்பனுக்காக. இதன் பழைய இசைக் குறிப்புகளும் விசித்திரமானவை. எந்தத் தந்தியை எந்த விரலால் எவ்விடத்தில் எப்படித் தொடுவது என்று அவை கூறும். எவ்வளவு நேரம் நிற்பது, எங்கே விரைவது என்று கூறா. ஆகவே ஒரு பழைய பாடத்தை உயிர்ப்பிக்க விரும்புகிறவன் மாதக்கணக்கில், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில், அதனோடு உட்கார வேண்டும். கைதட்டல் வேண்டும் என்ற நினைப்புடையவன் ஒரு வாரத்தில் எழுந்து போய்விடுவான்.

எழுத்துக்கலையும் இத்தகையதே. மைக்கட்டியைக் கல்லில் நீர் விட்டு உரைத்துக் கருமை எடுப்பதே ஒரு வேலை. அவசரக்காரன் அந்த முதற்படியிலேயே தோற்பான். தாளோ மையை உடனே உறிஞ்சிக்கொள்ளும். ஒருமுறை இழுத்த கோட்டை அழிக்க முடியாது, மேலே பூசி மறைக்க முடியாது. என்றென்றும் என்று பொருள்படும் ஓர் எழுத்து சீனத்தில் உண்டு. எட்டு அடிப்படைக் கோடுகளும் அதில் அடங்கியிருப்பதால் மாணவர் அதையே திரும்பத் திரும்ப எழுதிப் பழகுவர். கை நடுங்கினால் கோடு நடுங்கும். மனம் வேறெங்கோ போனால் கோட்டின் நடுவே மை திரண்டு நின்று அந்த இடத்தைக் காட்டிக் கொடுக்கும்.

இங்கேதான் நாம் சொல்ல வந்த விஷயத்தின் வேர் இருக்கிறது. மனிதன் தன்னைப் பற்றித் தனக்கே பொய் சொல்லிக்கொள்ள வல்லவன். நண்பர் முகஸ்துதி செய்வர். கீழே வேலை செய்பவர் தலையாட்டுவர். பத்திரிகையில் படம் வரும். இவை யாவும் சேர்ந்து நாம் யாரென்பதை நாமே அறியவொட்டாமல் செய்துவிடும். மை உறிஞ்சும் தாளோ, மெல்லிய தந்தியோ, இந்த ஏமாற்றில் சேர்வதில்லை. இன்று காலை உன் மனம் இருந்த நிலை இது என்று அது எதிரே வைத்துவிடும். இலஞ்சம் வாங்காத பரீட்சகர் ஒருவரை வீட்டிலேயே வைத்துக்கொள்வது போன்றது இக்கலைப் பயிற்சி. பொருளும் புகழும் உள்ளே நுழைந்தால் முதலில் கெடுவது இந்தப் பரீட்சகரின் நேர்மைதான். ஆகவேதான் அப்பெரியோர் இரண்டையும் வாசலிலேயே நிறுத்தினர். பணத்தின் மீது அவர்களுக்குப் பிறவிப் பகை இருந்ததென்று நாம் கருதவில்லை.

தாவ் யுவான்மிங் என்னும் கவி 365 முதல் 427 வரை வாழ்ந்தவர். வறுமையால் அவ்வப்போது சிறு உத்தியோகங்கள் பார்த்தார். 405ஆம் ஆண்டில் பெங்சே என்ற ஊருக்கு அதிகாரியாகப் போனார். எண்பது நாட்களுக்குச் சற்று மேலாக அங்கே இருந்தார். மேலிடத்திலிருந்து ஒருவன் பார்வையிட வருகிறான், இடைக்கச்சை கட்டிக்கொண்டு போய் வணங்க வேண்டும் என்று கூறினர். ஐந்து மரக்கால் அரிசிக்காக இடுப்பை வளைக்க முடியாது என்று சொல்லி, முத்திரையை வைத்துவிட்டு ஊர் திரும்பினார் என்பது சரித்திரம். அந்த அரிசி அவர் சம்பளம். இக்கதையை மேடைகளில் சொல்கிறவர்கள் இங்கேயே நிறுத்திக் கைதட்டல் வாங்கிக்கொள்வர். நாம் சற்று அப்பாலும் பார்க்க வேண்டும். திரும்பிய பின் அவர் மண்ணைக் கொத்தினார். 408இல் வீடு தீப்பிடித்து எரிந்தது. பசி தாங்காமல் அயலார் கதவைத் தட்டிய அனுபவத்தையும் அவர் பாட்டாக எழுதியிருக்கிறார். சம்பளத்தை வீசி எறிவது ஒரு நாள் வேலை. வீசி எறிந்தபின் இருபது ஆண்டுகள் கசப்பில்லாமல் இருப்பதே பெரிய வேலை.

அவரிடம் தந்தியில்லாத சின் வாத்தியம் ஒன்று இருந்ததென்றும், மனம் நிறைந்தபோது அதைத் தடவிக்கொண்டிருப்பாரென்றும் ஒரு செய்தி உண்டு. இசையின் உட்பொருளை அறிந்தவனுக்குத் தந்தியின் ஓசை எதற்கு என்பது அதன் கருத்து. அழகான கருத்துத்தான். ஆனால் பயிற்சி செய்யச் சோம்பும் மாணவருக்கும் இக்கதை மிகவும் பிடித்திருக்கிறதென்பதை நாம் கவனிக்காமலில்லை.

ஒதுங்கி வாழ்ந்தவரெல்லாம் அஞ்சிப் பதுங்கியவரல்லர். ஜி காங் என்பவர் மூன்றாம் நூற்றாண்டினர். சின் வாசிப்பதில் தலைசிறந்தவர். மரநிழலில் இரும்பு அடிப்பதில் விருப்பமுடையவர். அரசாங்கச் செல்வாக்குள்ள ஜோங் ஹுய் என்பவன் பரிவாரத்தோடு அவரைப் பார்க்க வந்தான். அவர் சம்மட்டியைக் கீழே வைக்கவில்லை, பேசவுமில்லை. நண்பர் ஒருவர் அவர் பெயரை உத்தியோகத்துக்குச் சொன்னபோது, நட்பையே முறித்து நீண்ட கடிதம் எழுதினார். இத்தகைய மனிதனை அதிகாரம் விட்டுவைக்குமா? வேறொரு நண்பனுக்காகச் சாட்சி சொல்லப் போனதைக் காரணமாக வைத்து அவரைச் சிறைப்படுத்தினர், ஜோங் ஹுய் கோள் சொன்னான், மரணதண்டனை விதிக்கப்பட்டது. மூவாயிரம் மாணவர் அவரைத் தங்களுக்கு ஆசிரியராகத் தருமாறு விண்ணப்பித்தும் பயனில்லை. 262ஆம் ஆண்டையொட்டி, கொலைக்களத்தில் வெயிலின் நிழலைப் பார்த்து நேரமிருப்பதை அறிந்துகொண்டு, சின் வாத்தியத்தைக் கேட்டு வாங்கி, ‘குவாங்லிங்’ என்னும் பாடத்தை வாசித்துவிட்டு இறந்தார். இனி இதை அறிந்தவர் இல்லை என்பதே அவருடைய வருத்தமாக இருந்ததாம். கூட்டத்தில் மட்டும் வாசித்துப் பழகியவனால் அந்தக் கூட்டத்தின் முன் அப்படி வாசித்திருக்க முடியாது என்பது நமது துணிபு.

இது பழங்கதை என்போருக்கு அருகிலேயே ஒருவரைக் காட்டலாம். பான் ஷௌ 1911இல் பூக்கியன் மாகாணத்தில் பிறந்து, 1930இல் சிங்கப்பூருக்கு வந்தவர். ரிக்‌ஷா மிதித்தவரும் தம் ஒருநாள் வருவாயைக் கொடுத்துக் கட்டிய நன்யாங் பல்கலைக்கழகத்துக்கு 1955இல் முதற் பொதுச் செயலாளராக வந்து அதன் இளமைப் பருவத்தைத் தாங்கினார். 1958இல் அவருடைய பிரஜா உரிமை பறிக்கப்பட்டது. 1983இல்தான் திரும்பக் கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் அவர் பற்றிக்கொண்டது தூரிகையை. 1986இல் சிங்கப்பூர் அவருக்குக் கலாசாரப் பதக்கம் அளித்தது. பதக்கம் வராமல் போயிருந்தாலும் அக்கோடுகள் அப்படியே இருந்திருக்கும்.

இனி, சித்திரம். இக்கலையில் ஹுவாங் கோங்வாங் என்பவரின் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம். ஆக்குகிறவன் மனமும் உடைமை கொள்கிறவன் மனமும் எவ்வளவு தூரம் வேறுபட்டவை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வரலாறு நமக்குத் தெரியவில்லை.

ஹுவாங் 1269இல் பிறந்தார். மங்கோலியர் சீனத்தை ஆண்ட காலம். சிறிய குமாஸ்தா உத்தியோகம் பார்த்தார். மேலதிகாரி சம்பந்தப்பட்ட வரி விவகாரமொன்றில் சிக்கிச் சிறை சென்றார். வெளியே வந்தபின் உத்தியோகத்தை நாடவில்லை. குறி சொல்லிப் பிழைத்தார். தாவோ மார்க்கத்தில் சேர்ந்தார். மலைகளிலும் ஆற்றோரங்களிலும் திரிந்தார். எண்பது வயதை நெருங்குகையில் பூச்சுன் ஆற்றங்கரை மலைகளை ஒரு நீண்ட சுருளில் எழுதத் தொடங்கினார். தாவோ மார்க்கத் தோழரான வூயோங் என்பவருக்காக எழுதியது அது. மனம் வந்தபோது சில கோடுகள், பிறகு பயணம், திரும்பி வந்து இன்னும் சில கோடுகள். மூன்று நான்கு ஆண்டுகள் ஆகியும் முடியவில்லை. யாராவது தட்டிக்கொண்டு போய்விடுவார்களோ என்று தோழர் கவலைப்பட்டதால், படம் முடியுமுன்பே 1350இல் அது யாருக்குரியது என்பதை எழுதி வைத்தார். நான்காண்டு கழித்து இறந்தார். அவருக்கு அவசரம் இருக்கவில்லை. படத்தைப் பார்ப்போருக்கும் அவசரம் ஆகாது. கையில் சுருளை மெல்ல விரித்துக்கொண்டே போக, மலை வரும், நீர் வரும், சிறு படகு வரும், பின் வெற்றுத்தாள் வெகுதூரம் வரும்.

பிறகு அது கைமாறியது. முந்நூறு ஆண்டுகள் கழித்து வூ ஹோங்யூ என்ற செல்வரிடம் இருந்தது. அவர் அதன்மேல் உயிரையே வைத்திருந்தார். அதன் விளைவு என்ன? 1650இல் மரணப் படுக்கையில், மறுமையிலும் அது தம்மோடு வரவேண்டுமென்று அதை நெருப்பிலிடச் சொன்னார்! கண்ணெதிரே எரியத் தொடங்கியது. உறவினரான இளைஞர் ஒருவர் பாய்ந்து, வேறொரு சுருளை நெருப்பில் போட்டு இதை இழுத்துக் காப்பாற்றினார். அதற்குள் அது இரண்டாகிவிட்டது. சிறு துண்டு ஒன்றரை அடிக்குச் சற்று மேல். பெரிய பகுதி ஏறக்குறைய இருபத்தொரு அடி.

அப்பெரிய பகுதிக்கு அடுத்த ஆபத்து அரண்மனையில் காத்திருந்தது. சியென்லுங் சக்கரவர்த்தி கலைப்பித்தர். தாம் ரசித்த படத்தின் வெற்றிடங்களிலெல்லாம் தமது பாராட்டை எழுதி முத்திரை குத்தாமல் அவரால் இருக்க முடியாது. 1745இல் இப்படத்தின் நகல் ஒன்று அவரிடம் வந்தது. அதையே அசலென்று நம்பி, ஆண்டுதோறும் அதன்மேல் எழுதி ஐம்பதுக்கும் மேற்பட்ட குறிப்புகளால் நிரப்பினார். அடுத்த ஆண்டே உண்மையான சுருள் வந்து சேர்ந்தது. அது போலியென்று தீர்ப்பளித்து ஒதுக்கி வைத்தார். சக்கரவர்த்தியின் அறியாமையால் ஹுவாங்கின் வெற்றிடங்கள் பிழைத்தன. பெரியவர்களுடைய கவனத்தில் படாமலிருப்பதும் சில சமயங்களில் பாக்கியமே. இன்று சிறு துண்டு ஹாங்சௌ நகரத்து மாகாணக் காட்சிசாலையிலும், பெரிய பகுதி தைப்பே அரண்மனைக் காட்சிசாலையிலும் இருக்கின்றன. 2011இல் அவ்விரண்டையும் தைப்பேயில் ஒன்றாக வைத்துக் காட்டினர்.

இது தனிப்பட்ட ஒரு பைத்தியக்காரரின் செயலன்று. வாங் ஷீஜி என்பவர் 353இல் நண்பர்களோடு ஓடைக்கரையில் கூடியிருந்தபோது எழுதிய முன்னுரை சீன எழுத்துக்கலையின் முடிமணி. அதை எவ்வழியிலோ அடைந்த தாங் வமிசத்துத் தாய்சுங் சக்கரவர்த்தி, 649இல் இறந்தபோது தம்மோடு அதைப் புதைக்கச் செய்தார் என்பது வழிவழிச் செய்தி. இன்று நாம் பார்ப்பவை பிறர் எடுத்த நகல்களே. எழுதியவர் நண்பர்களுக்காக எழுதினார். வாங்கியவர் கல்லறைக்கு எடுத்துப் போனார்.

புகழைப் பற்றி ஒரு வார்த்தை. வூ ஜென் என்னும் ஓவியரைப் பற்றி ஒரு கதை உண்டு. அண்டை வீட்டு ஓவியரின் வாசலில் வாங்குவோர் பட்டும் பொன்னுமாகக் கூடி நிற்க, இவர் வாசல் காலியாகக் கிடந்தது. மனைவி நகைத்தாள். இருபது ஆண்டுக்குப் பின் இப்படியிராது என்றார் இவர். அவ்வாறே ஆயிற்று என்று கதை முடிகிறது. பலரும் மெச்சும் இக்கதை நமக்குத் திருப்தியளிக்கவில்லை. இன்றைய புகழை விட்டவன் நாளைய புகழைப் பெற்றான் என்றால், அவன் புகழை விட்டதாகச் சொல்வானேன்? வட்டிக்குக் கொடுத்து வைத்தான் என்றல்லவா சொல்ல வேண்டும்! சொர்க்கத்தில் திரும்பக் கிடைக்கும் என்று தருமம் செய்பவனுக்கும் இவனுக்கும் அதிக வேற்றுமையில்லை. வூ ஜென் மெய்யாகவே அப்படிச் சொன்னாரா என்பதும் ஐயமே. குறி சொல்லிப் பிழைத்து, ஆற்றில் தனியே செல்லும் மீனவரை எழுதிக்கொண்டிருந்த அம்மனிதரின் படங்களில் இருபதாண்டுக் கணக்கு எதுவும் நமக்குத் தென்படவில்லை.

குவான் பிங்ஹு என்பவர் 1897இல் பிறந்து, பெய்ஜிங்கில் வாழ்ந்த சின் கலைஞர். வாழ்நாளின் பெரும்பகுதியை வறுமையில் கழித்தார். 1952க்குப் பின்தான் இசை ஆராய்ச்சி நிலையமொன்றில் அவருக்கு நிலையான இடம் கிடைத்தது. ஜி காங் கொலைக்களத்தில் வாசித்ததன் வழிவந்ததென்று கருதப்படும் ‘குவாங்லிங்’ பாடத்தை, 1425இல் தொகுத்த ஒரு பழஞ்சுவடியிலிருந்து விரலும் செவியுமாகத் தேடி மீட்டவர்களில் அவர் முதன்மையானவர். 1967இல் இறந்தார். பத்தாண்டு கழித்து, 1977இல், அமெரிக்கர் வானவெளிக்கு அனுப்பிய இரண்டு வாயேஜர் கலங்களில் உலகத்து ஓசைகளைப் பொறித்த பொன்முலாம் பூசிய தட்டுகளை வைத்தபோது, ‘ஓடும் நீர்’ என்னும் பாடத்தை அவர் வாசித்த ஒலிப்பதிவு அதில் ஏழரை நிமிடம் இடம்பெற்றது. முதற்கலம் 2012இல் சூரிய மண்டலக் காற்றின் எல்லையையும் கடந்துவிட்டது. பக்கத்து அறைக்கும் கேளாத ஓசை அங்கே போய்க்கொண்டிருக்கிறது. இது அவருக்குக் கிடைத்த பரிசென்று நாம் சொல்லமாட்டோம். அவர் அறியாத ஒன்று அவருக்குப் பரிசாகாது.

இது நிற்க. சீர்திருத்தக் கண்ணோடு பார்ப்பவர் இதுவரை பொறுமையாயிருந்து, இப்போது ஒரு கேள்வி கேட்பார், கேட்கவே வேண்டும். இவர்கள் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இவர்களுக்குச் சோறு போட்டது யார்? சீனத்தில் தூரிகை பிடித்தவன் ஆண்டான், மண்வெட்டி பிடித்தவன் அடிமை என்ற நிலை நெடுங்காலம் இருந்தது. நீ ஸான் என்ற பெரும் ஓவியர் செல்வக் குடும்பத்தினர். பிற்காலத்தில் வரித்தொல்லையாலும் கலகத்தாலும் சொத்துக்களை விட்டுப் படகில் வாழ்ந்தார். அவர் எழுதிய மெலிந்த மரங்களையும் ஆளில்லாத குடிசைகளையும் போலத் தூயவை சித்திரத்தில் அரிது. ஆனால் அவருக்குத் தூய்மைப் பித்து அதிகம். வீட்டு முற்றத்து மரத்தை வேலைக்காரரை விட்டுக் கழுவச் செய்வார் என்று ஒரு கதை சொல்வர். அந்த மரத்துக்குத் தண்ணீர் சுமந்தவன் பெயர் என்ன? அவனுக்கு மாலையில் உட்காரத் திண்ணை இருந்ததா? கலை நூல்கள் இதைக் கூறுவதில்லை.

பெண்கள் நிலையும் அதுவே. மூங்கில் எழுதுவதில் பெரும்பெயர் பெற்ற குவான் தாவ்ஷெங் (1262–1319) போன்ற சிலர் கற்றோர் குடும்பத்தில் பிறந்து வாழ்க்கைப்பட்டதால் தூரிகை பிடித்தனர். மற்றப் பெண்களின் கால்களையே கட்டிப்போட்ட சமூகம் அவர்கள் கையில் எதைக் கொடுத்திருக்கும்?

ஆகவே நாம் ஒன்றைத் தயங்காமல் சொல்கிறோம். உள்ளவன் தன் பொருளை விட்டு ஒதுங்கினால் அவனைப் போற்றலாம். இல்லாதவனிடம் போய்ப் பொருளாசை வேண்டாம், அமைதியாயிரு என்று போதிப்பது அக்கிரமம். தோட்டங்களில் விடியுமுன் பெரட்டுக்கு நின்று, மழையானால் கூலியிழந்து, அந்திக்கு லயத்தில் வந்து விழுந்த நம் பெற்றோரிடம் கலையும் அமைதியும் பேசியிருந்தால் அவர் சிரித்திருப்பார். சிரிக்காமல் அழுதிருந்தாலும் வியப்பில்லை. கூலி உயர்வு கேட்பவன் வாயை அடைக்க இப்பெரியோரின் பெயரை எவனாவது பயன்படுத்துவானாயின், அவன் ஜோங் ஹுய்யின் கட்சியைச் சேர்ந்தவனே அன்றி ஜி காங்கின் கட்சியைச் சேர்ந்தவனல்லன்.

பொருளை வெறுப்பதுதான் இக்கலைகளின் சாரம் என்றும் நாம் நினைக்கவில்லை. ஜெங் பான்சியாவ் (1693–1766) என்பவரைப் பாருங்கள். ஷாண்டோங் மாகாணத்து வெய் நகரில் அதிகாரியாயிருந்தபோது கடும் பஞ்சம் வந்தது. மேலிடத்து உத்தரவுக்குக் காத்திராமல் அரசாங்கத் தானியக் களஞ்சியத்தைத் திறந்து விட்டார். இரவில் தம் அறைக்கு வெளியே மூங்கிலிலைகள் சலசலப்பது குடிகளின் முறையீடு போல் அவர் காதில் விழுந்ததாக எழுதியிருக்கிறார். 1753இல் உத்தியோகம் போயிற்று. யாங்சௌ நகருக்கு வந்து தூரிகையால் பிழைத்தார். 1759இல் வெளிப்படையாக ஒரு விலைப்பட்டியல் எழுதினார்: பெரிய சுருளுக்கு ஆறு வெள்ளி, நடுத்தரத்துக்கு நான்கு, சிறியதற்கு இரண்டு; பண்டமும் பலகாரமும் கொண்டு வராதீர்கள், வெள்ளியாகவே கொடுங்கள், பழைய உறவைச் சொல்லிக் கேட்காதீர்கள் என்று. கண்ணியம் குறைந்த செயலென்று அக்காலத்துக் கனவான்கள் முகம் சுளித்திருப்பர். நமக்கோ இது மிகக் கண்ணியமாகவே தோன்றுகிறது. விலை சொல்லி வேலையை விற்பவன் தன்னை விற்பதில்லை. இனாமாய்க் கொடுப்பதாகப் பாசாங்கு செய்து, பிறகு பதவிக்கும் தயவுக்கும் கைநீட்டுபவனே தன்னை விற்கிறான். எந்த மூங்கிலை எப்படி எழுதுவதென்று வாங்குகிறவன் சொல்ல ஆரம்பிக்கும்போது மட்டுமே பணம் கலைக்குள் நுழைகிறது.

இக்காலத்துக்கு அருகில் சீ பைஷி இருக்கிறார். 1864இல் ஹூனான் மாகாணத்தில் ஏழை உழவர் குடியில் பிறந்தார். பள்ளிப் படிப்பு ஓராண்டும் நிறையவில்லை. உடல் மெலிந்து ஏர் பிடிக்க இயலாததால் தச்சு வேலைக்கு விட்டனர். கட்டிலிலும் பெட்டியிலும் பூவும் உருவமும் செதுக்கினார். இருபதை எட்டும் வயதில், வேலைக்குப் போன ஒரு வீட்டில் ‘கடுகுத் தோட்டம்’ என்னும் பழைய சித்திரப் பயிற்சி நூலைக் கண்டார். இரவல் வாங்கி, பகலெல்லாம் உளி பிடித்தபின், இரவில் பிசின் நிறைந்த பைன் விறகைக் கொளுத்திய வெளிச்சத்தில், அரையாண்டு உட்கார்ந்து முழுவதையும் நகலெடுத்தார். எதற்காக? அன்றைக்கு அவர் ஒரு கிராமத்துத் தச்சர். புகழென்று ஒன்று உண்டென்பதே அவர் கணக்கில் இருந்திருக்க நியாயமில்லை.

பின்னால் புகழும் பொருளும் வந்தன. அவர் வேண்டாமென்று சொல்லவில்லை. விலைப்பட்டியலைச் சுவரில் மாட்டிக் கண்டிப்பாக விற்றார். இறால், முட்டைக்கோசு, வெட்டுக்கிளி என்று உழவன் வீட்டுப் பொருள்களையே கடைசிவரை எழுதினார். ஜப்பானியர் பெய்ஜிங்கைப் பிடித்திருந்தபோது, 1940இல், அதிகாரிகளுக்குப் படம் விற்பதில்லை என்று கதவில் எழுதி ஒட்டினார். விலை சொல்லத் தெரிந்த அதே கை, விலையில்லை என்றும் எழுதியது. அவர் 1957இல் இறந்தார். 1925இல் ஒரு மருத்துவருக்குப் பரிசாகக் கொடுத்திருந்த பன்னிரண்டு மலைக்காட்சிச் சித்திரங்கள் 2017இல் பெய்ஜிங் ஏலத்தில் 93 கோடியே 15 லட்சம் யுவானுக்குப் போயின. வாங்கியவர் அதை எரிக்கச் சொல்லமாட்டார் என்று நம்புவோமாக.

நமக்குப் பிடித்தது அந்தக் கோடியன்று, அந்தப் பைன் விறகு. நம் பிள்ளைகள் இன்று பரதமும் வாய்ப்பாட்டும் மிருதங்கமும் கற்கின்றனர். கற்கத் தொடங்கிய ஆறாம் மாதம் போட்டி, போட்டி முடிந்ததும் கேடயம், கேடயத்தோடு நிழற்படம். பரிசு கிடைக்காத பிள்ளை அடுத்த ஆண்டு வகுப்புக்கு வருவதில்லை. பெற்றோரைக் குறை கூறிப் பயனில்லை. மேடையொன்றே கிடைக்காமல் தலைமுறை தலைமுறையாய் இருந்தவர், கிடைத்ததும் அதில் ஏறத் துடிப்பது இயற்கை. ஆனால் பதினேழு வயதில் தூக்கி வைத்த மிருதங்கம் நாற்பது வயதில் வேலை போன நாளன்று அவனுக்குத் துணைக்கு வருமா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். இந்த விஷயத்தில் அண்டை வீட்டுச் சீனரும் நம்மைப் போலவே கேடயம் தேடத் தொடங்கியிருக்கிறார்கள் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்.

நம் மன்றங்களுக்கும் நூல்நிலையங்களுக்கும் ஒரு யோசனை உண்டு. வாரத்தில் ஒரு மாலை, வேலை முறை முடிந்து வருபவருக்கு ஒத்த நேரத்தில், ஓர் அறையைத் திறந்து விடுங்கள். ஆணும் பெண்ணும், எந்த வயதினரும் வரலாம். வீணையோ, புல்லாங்குழலோ, கோட்டுச் சித்திரமோ, தமிழெழுத்தைத் தூரிகையால் அழகுற எழுதும் பயிற்சியோ, எதுவாயினும் ஆகட்டும். ஆசிரியருக்கு உரிய சம்பளத்தை முறையாகக் கொடுங்கள். கலைச்சேவை என்று சொல்லி அவரை ஏமாற்ற வேண்டாம். கற்பவருக்குப் பரீட்சையும் பரிசளிப்பும் வேண்டா. ஆண்டு விழாவும் வேண்டா. ஆகவே தலைமை தாங்கப் பிரமுகர் யாரையும் அழைக்க வேண்டியதில்லை, மாலைச் செலவும் மிச்சம்.